பிளம்ஸ் மரமும் காணி உறுதியும்

யாழ்ப்பாணத்து அடுக்களையில் 'பிளம்ஸ்' என்னும் சொல் ஒரு மரத்தை நினைவூட்டுவதில்லை. பொங்கலிலும் பாயசத்திலும் கேக்கிலும் இடப்படும் உலர்ந்த திராட்சையையே அச்சொல் அங்குக் குறிக்கின்றது. இவ்வழக்கினைப் பிழையென ஒதுக்குவதும் பொருந்தாது. ஆங்கிலேயர் நத்தார்ப் பண்டிகைக்கு ஆக்கும் 'பிளம் புடிங்' என்னும் பண்டத்திலும் பிளம்ஸ் பழம் இல்லை. உலர்ந்த திராட்சையே உண்டு. 17ஆம் நூற்றாண்டு தொடக்கம் அவர்தம் மொழியில் அத்திராட்சைக்கும் இப்பெயர் வழங்கலாயிற்று. நுவரெலியாவில் நிலை வேறு. அங்குப் பிளம்ஸ் என்பது தெருவோரத்திற் குவித்து விற்கப்படும் செந்நிறப் பழம். வீட்டின் பின்புறத்தே நின்று ஆண்டுக்கொருமுறை வெண்பூப் பூக்கும் மரம். ஒரே தீவில் ஒரே மொழி பேசும் இரு பகுதியாருக்கு ஒரு சொல் இருவேறு பொருள் தருகின்றது. சொல்லை அறிந்தோர் யாவரும் மரத்தை அறிந்தவர் அல்லர். மரத்தை அறிந்தவர்களும் அதனை நட்டவர்களின் நிலையை அறிந்திருப்பர் எனக் கூறுவதற்கில்லை.

பிளம்ஸ் இனங்களுள் வீட்டுத் தோட்டங்களிற் பெரிதும் இடம்பெறுவன இரண்டு. ஒன்று ஐரோப்பிய பிளம்ஸ். மற்றையது யப்பானிய பிளம்ஸ். பின்னையதன் பெயர் அதன் பிறப்பிடத்தைச் சுட்டுவதன்று. அதன் தாயகம் சீனம். அங்கிருந்து யப்பானுக்குச் சென்று, நெடுங்காலம் அங்கே பயிரிடப்பட்டு, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவை அடைந்தது. 1885இல் லூதர் பேர்பாங் என்னும் தாவர வளர்ப்பாளர் யப்பானிலிருந்து கன்றுகளை வருவித்துக் கலப்புச் செய்து பல புதிய வகைகளை உருவாக்கினார். அவற்றுட் புகழ்பெற்ற 'சாந்தா ரோசா', அவர் வாழ்ந்த கலிபோர்னிய நகரின் பெயரைத் தாங்கி 1906இல் வெளிவந்தது. இங்ஙனம் சீனத்து மரமொன்று, கடைசியாகக் கப்பலேறிய துறையின் பெயரால் யப்பானியப் பெயர் பெற்றது.

மனிதரைப் பெயரிடுவதிலும் இவ்வழக்கம் உண்டு. 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் முதன்முறையாகத் தமிழர் 'இலங்கைத் தமிழர்', 'இந்தியத் தமிழர்' என இரு கூறாக எண்ணப்பட்டனர். கோப்பிக்காகவும் பின்னர்த் தேயிலைக்காகவும் வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும், இந்த மலைகளை அன்றி வேறெதனையும் கண்டிராத போதிலும், முன்னோர் கப்பலேறிய கரையின் பெயரையே சுமந்தனர். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. கலிபோர்னியாவிற் காய்த்த மரத்தைப் பெயரைக் காட்டி யப்பானுக்குத் திருப்பி அனுப்ப வேண்டுமென எவரும் ஒப்பந்தம் எழுதவில்லை.

கந்தப்பளைப் பகுதித் தோட்டமொன்றில் கவ்வாத்துத் தொழிலாளியாக இருந்த ஒருவர் 1966ஆம் ஆண்டில் தமது லயக் காம்பராவின் பின்னால் ஒரு பிளம்ஸ் கன்றை நட்டார். பங்களாவிற் பூந்தோட்டம் பார்த்த உறவினர் ஒருவர் கொடுத்த ஒட்டுக்கன்று அது. லயத்தின் பின்புறத்துச் சிறு துண்டு நிலத்தில் அயலவர்கள் லீக்ஸ், கோவா, உருளைக்கிழங்கு ஆகியவற்றைப் பயிரிட்டனர். அவை மூன்று நான்கு மாதங்களிற் பலன் தருவன. ஒட்டிய பிளம்ஸ் கன்றோ மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் சென்றே காய்க்கத் தொடங்கும். விதையிலிருந்து எழுந்ததாயின் மேலும் தாமதிக்கும், தாய் மரத்தின் குணமும் அதில் அவ்வாறே அமைவதில்லை. காம்பரா தோட்டத்திற்கு உரியது. நிலமும் தோட்டத்திற்கு உரியது. வேலை உள்ளவரையே குடியிருப்பு. ஆதலின் அயலவர்கள் மூன்று மாதப் பயிரையே நாடியமை அறியாமையால் அன்று; தம் நிலையைத் தெளிவாக அறிந்திருந்தமையாலேயே ஆகும். அனுமதியை நம்பிக் கிழங்கு நடலாம். மரம் நடுவதற்கு உரிமை வேண்டும்.

அவர் அவ்வுரிமை இன்றியே நட்டார். காரணம் கேட்டவர்களுக்கு அவர் விரிவாக விடையளித்ததில்லை. தேயிலைச் செடியோடு கழிந்த வாழ்வு ஒருவாறு அதனை விளக்கக்கூடும். தேயிலை இயல்பிற் செடியன்று. வெட்டாது விட்டால் வீட்டுக் கூரைக்கு மேலாக உயரும் மரம். கொழுந்து பறிக்கும் கைக்கு எட்டும் வண்ணம் மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை கவ்வாத்துச் செய்யப்பட்டு, இடுப்பளவிலேயே நூறாண்டு காலம் நிறுத்தி வைக்கப்படுகின்றது. நாளெல்லாம் மரங்களை மரமாக விடாது வெட்டுவதைத் தொழிலாகக் கொண்ட ஒருவர், தம் வீட்டின் பின்னால் ஒன்றையேனும் உயர விட்டுப் பார்க்க விரும்பியதில் வியப்பில்லை.

மலைநாட்டிற் பிளம்ஸ் வளர்ப்போர் முதலில் எதிர்கொள்வது குளிரின் கணக்காகும். இம்மரம் பனிக்காலத்தில் இலையுதிர்த்து உறங்கும் நாடுகளுக்குரியது. உறக்கம் கலைந்து மொட்டுகள் ஒருசேர விரிவதற்கு, 7 பாகை செல்சியஸ் அளவுக்குக் கீழான குளிரில் குறித்த தொகை மணித்தியாலங்கள் கழிதல் வேண்டும். ஐரோப்பிய வகைகள் பலவற்றுக்கு 700 மணித்தியாலங்களுக்கு மேல் தேவைப்படும். ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவிற் சில தை, மாசி இரவுகளில் நிலத்தில் உறைபனி படிவதுண்டு. ஆயினும் பகலில் வெயில் ஏறிவிடும். அத்துணைக் குளிர் அங்குச் சேர்வதில்லை. எனவே, குறைந்த குளிரோடு நிறைவுறும் யப்பானிய வகைகளே இம்மலைகளுக்கு ஏற்றவை. குளிர் போதாத இடத்து, பறிப்பு முடிந்தபின் இலைகளைக் கையால் உருவி, நீரைக் குறைத்து, மரத்தைச் செயற்கையாக உறங்கச் செய்யும் முறையும் உண்டு. யாவாத் தீவின் பத்து நகரை அடுத்த மலைகளில் அப்பிள் மரங்களை இவ்வாறே காய்க்கச் செய்கின்றனர்.

இரண்டாவது மண். தேயிலை புளிப்பு மண்ணை விரும்புவது. பிளம்ஸ் மரமோ நடுநிலைக்கு அண்மித்த மண்ணில் நன்கு வளர்வது. தேயிலை நின்ற நிலத்திற் பிளம்ஸ் நடுவோர் டொலமைற் இட்டுப் புளிப்பைத் தணித்தல் வேண்டும். நீர் தேங்கினால் வேர் அழுகும். ஆதலாற் சரிவிற் கல் அடுக்கிச் சிறு மேடை கட்டி, அதன்மேற் கன்றை வைத்தல் நன்று. காணுக்குக் கல் அடுக்குவதில் தோட்டத் தொழிலாளியை மிஞ்சுவோர் இலர். அவ்வகையில் அவர் எவரிடமும் பாடம் கேட்க நேரவில்லை.

கிளை வெட்டுவதில் அவர் தமது தொழிற் பழக்கத்தை மாற்றிக்கொள்ள நேர்ந்தது. தேயிலையிற் கத்தி மட்டமாக ஓடுகின்றது. செடியின் மேற்பரப்பு மேசைபோல் அமைதல் வேண்டும். பிளம்ஸ் மரத்துக்கு அம்முறை ஆகாது. நடுத்தண்டை இளமையிலேயே நறுக்கி, மூன்று நான்கு கிளைகளைக் கிண்ண வடிவில் வெளிப்புறமாகச் செல்லவிட்டு, நடுவே வெயில் இறங்க இடங்கொடுத்தல் வேண்டும். காய்கள் பெரும்பாலும் முதிர்ந்த கிளைகளிலுள்ள குட்டையான முளைகளிலேயே தோன்றும். ஒரு முளை பல ஆண்டுகள் தொடர்ந்து காய்க்க வல்லது. அதனை அறியாது மட்டமாக வெட்டினால், வரும் ஆண்டுகளின் பழங்கள் யாவும் ஒரே நாளில் நிலத்தில் விழும். வெட்டுவதும் ஈரமற்ற நாளிலேயே தகும். மழைநாளில் உண்டாகும் காயத்தின் வழியே பங்கசு நோய் நுழையும்.

1970ஆம் ஆண்டில் மரம் முதன்முறையாகப் பூத்தது. இலை தோன்றுமுன்னரே கிளைகள் வெண்ணிறமாயின. லயத்துப் பிள்ளைகள் கூடி நின்று பார்த்தனர். ஆனால் ஒரு காயும் பிடிக்கவில்லை. அடுத்த ஆண்டும் அவ்வாறே ஆயிற்று. யப்பானிய வகைகளுட் பல தம் மகரந்தத்தாற் கருவுறாதவை. ஒரே வகையைச் சேர்ந்த நூறு மரங்கள் அருகருகே நின்றாலும் பயன் இல்லை. ஒரே மரத்திலிருந்து ஒட்டுவைத்தவை யாதலின் அவை அனைத்தும் உண்மையில் ஒரு மரமே. அதே காலத்திற் பூக்கும் வேறொரு வகை, தேனீ பறந்து செல்லும் தூரத்தில் நிற்றல் வேண்டும். இதனைப் பங்களா உறவினர் பின்னரே அவருக்குத் தெரிவித்தார்.

இதற்கிடையில் வேறொரு பிரிவு நிகழ்ந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தோட்ட மக்களிற் பெரும்பாலோரை நாடற்றோர் ஆக்கியிருந்தது. 1964 ஒக்ரோபர் 30இற் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், ஏறக்குறைய 975,000 பேரிற் 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதென வகுத்தது. எஞ்சிய 150,000 பேரை இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிடுவதென 1974இல் முடிவாயிற்று. எண்கள் இலகுவாக வகுபட்டன. குடும்பங்கள் அவ்வாறு வகுபடவில்லை. ஒரே காம்பராவிற் பிறந்தவருள் ஒருவர் ஒரு விண்ணப்பத்திலும் மற்றவர் மறு விண்ணப்பத்திலும் ஒப்பமிட்டனர். கவ்வாத்துக்காரர் இலங்கைக்கு விண்ணப்பித்தார். அவருடைய தமையனார் இந்தியாவுக்கு விண்ணப்பித்தார்.

1971இல் தமையனாரின் குடும்பம் நானுஓயாவிற் புகையிரதம் ஏறியது. தலைமன்னார்த் துறைக்குச் செல்வோரை ஏற்றிய அவ்வண்டிகளை மலையக மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்று அழைத்தனர். புறப்படுவதற்கு முதல்நாட் காலையில் தமையனார் லயத்தின் பின்னாற் சென்று, காயற்ற அம்மரத்தைச் சிறிது நேரம் பார்த்து நின்றார்.

"காய்ச்சிச்சுன்னா ஒரு கடுதாசி போடு தம்பி."

"போடுறேண்ணே."

வேறொன்றும் அவர்கள் பேசிக்கொள்ளவில்லை.

1972இல் இரண்டாவது கன்று, வேறு வகையினது, முதலாவதற்குப் பதினைந்தடி தூரத்தில் நடப்பட்டது. காணிச் சீர்திருத்தச் சட்டம் வந்த ஆண்டும் அதுவே. 1975இற் கம்பனிகளின் தோட்டங்கள் அரசுடைமையாயின. தோட்டம் கைமாறிற்று, லயத்தார்க்கு அதில் ஒரு பங்கும் கிடைக்கவில்லை. அவற்றுக்கிடையே 1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாடு தோட்டங்களை வாட்டியது. பட்டினிச் சாவுகளும் நிகழ்ந்தன. அந்நாட்களில் வீட்டின் பின்புறத்து ஒவ்வோர் அடி நிலமும் கிழங்குக்கு வேண்டியிருந்தது.

"ஏங்க, பூவப் பாத்துக்கிட்டிருந்தா புள்ளைகளுக்கு வயிறு நெறையுமா?" என்று மனைவியார் கேட்டார்.

கேள்வி நியாயமானது. அவரும் மறுத்துரைக்கவில்லை. மரங்களை அகற்றாது, தாழ்ந்த கிளைகளை மட்டும் களைந்து, நிழல் குறைந்த இடத்தில் உருளைக்கிழங்குக்கு வரம்பு கட்டினார். கிழங்குக்கு இட்ட சாணமும் சாம்பலும் மரங்களின் வேருக்கும் எட்டின. 1976இல் இரு மரங்களும் ஒரே வாரத்திற் பூத்தன. அவ்வாண்டு முதன்முறையாகக் காய் பிடித்தது.

காய் அளவுக்கு மீறிப் பிடித்தாற் கிளை முறியும், பழமும் சிறுக்கும். நான்கு விரற்கடைக்கு ஒன்றாக விட்டு மற்றவற்றைப் பிஞ்சிலேயே கிள்ளி எறிதல் வேண்டும். பட்டினியின் நினைவு அகலாத வீட்டில் அதனைச் செய்வது எளிதாயிருக்கவில்லை. கிள்ளிய பிஞ்சுகளை மனைவியார் உப்பிலிட்டு வைத்தார். பழ ஈ துளைத்து விழுந்தவற்றை ஆழப் புதைக்கும் வேலை பிள்ளைகளுடையதாயிற்று. மேலே விட்டால் அடுத்த தலைமுறை ஈக்கள் அவற்றிலிருந்தே எழும்.

வாக்களித்தபடி கடிதம் சென்றது. தமையனார் அப்போது நீலகிரியில், தாயகம் திரும்பியோருக்கென 1968 முதல் தமிழ்நாட்டரசு ஏற்படுத்திய தேயிலைத் தோட்டங்களுள் ஒன்றில், கோத்தகிரிப் பக்கம் வேலையில் இருந்தார். மறுகடிதத்தில் அம்மலையிலும் பிளம்ஸ் காய்ப்பதாகக் குறிப்பிட்டு, "ஆனா அது நாம வச்ச மரமில்ல" என்று எழுதியிருந்தார். ஒரு தேயிலை மலையிலிருந்து இன்னொரு தேயிலை மலைக்கு, அங்கும் லயத்துக்கு, மக்கள் பெயர்க்கப்பட்டமையை இவ்வொரு வரியைக் காட்டிலும் தெளிவாக உணர்த்துவது கடினம்.

1988இல், லயத்தின் பின்னால் நீர்த்தாங்கி கட்டுவதற்கென முதல் மரம் நின்ற இடத்தை நிருவாகம் எடுத்துக்கொண்டது. முன்னறிவித்தல் இரு வாரம். நட்டவருக்கு அதில் எவ்வித உரிமையும் இல்லை என்பது எழுதாமலே விளங்கிய விடயம். ஆயினும் இழப்பு ஒரு மரத்தோடு முடிவதன்று. முதல் மரம் போனால் இரண்டாவதும் துணையின்றி மலடாகும். தண்ணீருக்காக ஆற்றுப்பள்ளத்துக்கு நடந்த லயத்தார்க்குத் தாங்கி வேண்டியதே. அதனால் முறையிடவும் அவர் விரும்பவில்லை.

அவ்விரு வாரத்தில் அவர் செய்தது ஒன்றே. மரம் இலையற்று உறங்கிய காலமாதலால், அதன் ஓராண்டுக் கொம்புகளிற் பென்சில் பருமனானவற்றைத் தெரிந்து வெட்டி, ஈரச் சாக்கில் சுற்றினார். இரண்டாவது மரத்தில் இரு கிளைகளைக் குறுக்கே அறுத்து, அறுத்த முகத்தைப் பிளந்து, ஆப்புப்போற் சீவிய கொம்புகளைப் பட்டையோடு பட்டை பொருந்தச் செருகினார். வாழைநாரால் இறுகக் கட்டி, களிமண்ணும் சாணமும் குழைத்துப் பூசினார். ஒட்டுதலிற் பொருந்த வேண்டியது மரத்தின் நடுப்பாகமன்று; பட்டைக்கு உட்புறமாக உள்ள மெல்லிய வளர்படையே. அது ஒரு பக்கத்திலேனும் தொட்டுக்கொண்டாற் கொம்பு உயிர்பெறும். செருகிய நான்கிற் மூன்று துளிர்த்தன. மூன்றாம் ஆண்டில் அக்கிளைகள் பூத்தன. அன்று முதல் அம்மரம் தன் துணையைத் தன்னிடத்தே தாங்கி நின்றது. ஒரு கிளையிற் செந்நிறப் பழமும் மறுகிளையில் மஞ்சள் பாய்ந்த பழமும் காய்த்தன.

1992இல் தோட்டங்களின் முகாமைத்துவம் தனியார் கம்பனிகளுக்குச் சென்றது. 2003இல் இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. நாடற்றோர் என்ற நிலை அதனோடு சட்டப்படி நீங்கிற்று. கவ்வாத்துக்காரர் 2009இற் காலமானார். அவருக்கு வாக்குரிமை இருந்தது, அடையாள அட்டை இருந்தது. உறுதி எழுதிய காணி இருக்கவில்லை.

ஈழத்துத் தமிழில் நிலத்துக்குரிய சாசனத்தை 'உறுதி' என்று வழங்குவது பொருள் செறிந்த வழக்காகும். யாழ்ப்பாணத்தில் ஒரு பரப்புக் காணிக்கும் தோம்பும் உறுதியும் தலைமுறை தலைமுறையாகப் பெட்டியிற் பேணப்படும். பாட்டன் நட்ட கறுத்தக் கொழும்பானைப் பேரன் உண்பதும், பலாவைச் சீதனமாக எழுதுவதும் அங்கு இயல்பாயின. அம்மரங்களின் பின்னால் ஓர் உறுதி நிற்கின்றது. மலையகத்து லயங்களின் பின்னாற் பழமரங்கள் அருகியிருப்பதைக் கண்டு அம்மக்கள் நாளையைப் பற்றி எண்ணாதவர் எனக் கருதுவோர், மரத்தைப் பார்த்தனரேயன்றி அதன் பின்னால் நிற்க வேண்டிய தாளைத் தேடவில்லை.

2015ஆம் ஆண்டின் பின்னர், லயங்களுக்குப் பதிலாக ஏழு பேர்ச்சஸ் காணியில் தனிவீடு அமைக்கும் திட்டங்கள் பல தோட்டங்களில் நடைமுறைக்கு வந்தன. ஏழு பேர்ச்சஸ் என்பது ஏறக்குறைய 177 சதுர மீற்றர். அதில் 550 சதுர அடி வீடு கட்டினால், அது 51 சதுர மீற்றரை எடுத்துக்கொள்ளும். எஞ்சுவது 126. ஒரு பிளம்ஸ் மரத்துக்கு நாலரை மீற்றர் இடைவெளி விட்டால் ஏறக்குறைய 20 சதுர மீற்றர் வேண்டும். இரு மரங்களுக்கு 40 போதும். கிணறு, கழிவறை, பாதை, கீரைப்பாத்தி யாவும் போக, அதற்கு இடம் உண்டு. ஏக்கர்க்கணக்கான காணி அன்று, இவ்வளவே ஒரு குடும்பத்தின் மரங்களுக்கு வேண்டியது. மலையகத் தமிழரின் வருகைக்கு இருநூறாண்டு நிறைந்ததென 2023இல் நினைவுகூரப்பட்ட போதும், பெருந்தொகையானோர் லயங்களிலேயே வாழ்ந்தனர்.

2018இல் அவருடைய மகளுக்கு அவ்வாறானதொரு வீடு கிடைத்தது. மூன்று மைலுக்கு அப்பால், அதே தோட்டத்தின் வேறொரு பிரிவில். ஐம்பதாண்டை அண்மித்த மரத்தைப் பெயர்த்துச் செல்லுதல் இயலாது. அவர் முன்னாண்டிலேயே பீச் விதைகளை முளைக்கவிட்டு வைத்திருந்தார். பிளம்ஸ் ஒட்டுவதற்கு அக்கன்று நல்ல அடிக்கட்டை. தைமாதத்தில் இரு கிளைகளிலிருந்தும் கொம்புகள் எடுத்து, ஒட்டி, இரண்டு கன்றுகளை ஆக்கினார். தந்தையார் கத்தி பிடித்த முறையை அருகிருந்து கண்டவர் அவர். கவ்வாத்து ஆண்களின் தொழிலாயிருந்தமையாற் கத்தி அவர் கைக்கு வந்ததில்லை. வீட்டை ஒப்படைத்த நாளில் திறப்புக் கொடுக்கப்பட்டது. உறுதி பின்னர் வருமெனக் கூறப்பட்டது. மண் ஈரமாயிருந்தது. கன்றுகள் காத்திருக்க மாட்டா. அவர் உறுதிக்குக் காத்திராமல் அவற்றை நட்டார்.

மலையிற் பிளம்ஸ் வளர்ப்பதற்கு வேண்டுவன மூன்று: குளிர், துணை, காலம். குளிரை மலை தருகின்றது. துணையைக் கைத்திறன் தருகின்றது. காலத்தையோ மலையாலும் கையாலும் தர இயலாது. இந்நிலம் உன்னுடையது, இங்கிருந்து உன்னை எவரும் அகற்றார் என்று எழுதிக் கொடுக்கும் ஒரு தாள்தான் அதனைத் தரவல்லது. அத்தாள் இன்றியே இரு தலைமுறையினர் நட்டனர் என்பது அவர்களுக்குப் பெருமை. மூன்றாம் தலைமுறையினரும் அவ்வாறே நட நேர்ந்தால், அது நாட்டுக்குப் பெருமை ஆகாது.